ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊட்டி

“ஐயா, நீங்க வண்டியில ஏறலைன்னா, ரூம் போட்டவங்களுக்கு போன் பண்ணிக் காரணம் சொல்லணும். அது எங்க ரூல்ஸ்” என்றாள் வரவேற்பு மேஜைப் பெண்.

காசிநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கிறவர்களை அவர் நம்புவதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு சிரிக்கிறவர்களைச் சுத்தமாக நம்புவதில்லை.

“நான் ஏறலைன்னா உனுக்கு இன்னாமா நஷ்டம்?”

“பேக்கேஜ்ல சேர்ந்தது ஐயா. ஏசி ரூம், சாப்பாடு, ஒரு தடவ பக்கி சவாரி. எல்லாத்துக்கும் சேத்துதான் உங்க மகன் கட்டியிருக்காரு. நீங்க நேத்தும் வரல, முந்தாநாளும் வரல. சாப்பாட்டக்கூட ரூமுக்கே கொண்டாரச் சொல்றீங்களாம். கமல் சார் கேட்டா நான் என்ன சொல்றது?”

சொல்லிக்கொண்டே போனைக் கையில் எடுத்தாள்.

“வெய்யிமா போன. வரேன்.”

பக்கி என்பது ஆளைத் திட்டுகிற வார்த்தை என்றுதான் காசிநாதன் அதுவரை நினைத்திருந்தார். வெளியே வந்து வண்டியைப் பார்த்த பிறகு, அப்படி நினைத்ததில் பெரிய தப்பு இல்லை என்று பட்டது. ஒரு பழைய ஜீப்பின் தலையை வெட்டி எறிந்துவிட்டு, நாலு இரும்புக் குழாயைப் பற்றவைத்து, டிராக்டருக்குப் போடவேண்டிய டயரை மாட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். கூரை இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. உள்ளே உட்கார்ந்தால் ஊருக்கே தெரியும்.

அதுதான் சிக்கல். ஏனென்றால் அந்த ஊர் அவருடைய ஊர்.

காசிநாதனுக்குக் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேடு. பிறந்தது, வளர்ந்தது, அரிசி மில் கேட்டில் முப்பது வருஷம் காவல் நின்றது எல்லாம் அங்கேதான். உள்ளே வருகிற ஒவ்வொரு மூட்டையையும் குத்தூசியால் குத்திப் பார்த்துத்தான் விடுவார். வெளியே போகிற ஒவ்வொரு ஆளையும் மடியைத் தட்டிப் பார்த்துத்தான் அனுப்புவார். வேலை போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் குத்திப் பார்ப்பார். பெண்டாட்டி கங்கையம்மாள் இருந்தவரைக்கும், “உன்னக் கட்டிக்கினு வந்தப்போ என்னையும் குத்திப் பாத்திருப்ப” என்று சிரிப்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

உலகத்தில் ஒரே ஒரு ஆளின் பேச்சை மட்டும் அவர் குத்திப் பார்த்ததில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற மகன் கமல். “அப்பா, மே மாசம் லீவு போட்டிருக்கேன். நானு, சுகாசினி, கொழந்த எல்லாரும் வரோம். உங்கள ஊட்டிக்குக் கூட்டிக்கினு போறோம்” என்று அவன் சொன்னதும், காசிநாதன் தெரு முழுக்கச் சொன்னார். சொன்னாரா, தண்டோரா போட்டார். ராஜவீதியில் ஸ்வெட்டர் வாங்கினார், மஃப்ளர் வாங்கினார், மங்கி குல்லா வாங்கினார். வீட்டு வாசலில் நின்று மாட்டிக் காட்டினார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கமல் போன் செய்தான். “லீவு கேன்சல் ஆயிடுச்சிப்பா. ஒண்ணும் பண்ண முடியல. ஆனா உங்கள சும்மா உடுவனா? நெட்ல பாத்தேன், நம்ம ஊருக்குப் பக்கத்துலயே ஆத்துக்கு அந்தப் பக்கம் சூப்பரா ஒரு ரிசார்ட் வந்திருக்குது. ஒரு வாரத்துக்கு புக் பண்ணிட்டேன். உங்களுக்கு அலைச்சலே இல்ல பாருங்க!”

அலைச்சல் இல்லைதான். ஆனால் மறுநாள் காலையில் தெருவே கூடி வழியனுப்பியது. எதிர்வீட்டுச் சோடாக் கடை பஞ்சாட்சரம் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் வைத்தான். “ஊட்டிக்குப் போறேன்” என்று தொண்டை கிழியச் சொன்ன மனிதன், “மகன் வரல” என்று எந்த வாயால் சொல்வது? மகன் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு, காசிநாதன் அதுவரைக்கும் போனார். அங்கே வேறு பஸ் பிடித்து, தன் தெரு முனையைத் தாண்டும்போது செருப்பைத் தேடுகிறவர்போல் சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டு, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி இறங்கினார்.

வந்தது முதல் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் ஆற்று மணல். மணலுக்கு அந்தப் பக்கம் அவர் தெருத் தண்ணீர் டேங்க். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கப் பார்க்க, அது நிஜமாகவே ஊட்டியைவிடத் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது.

மகனிடம் மட்டும் போனில், “ரொம்ப நல்லா இருக்குதுபா. எல்லாத்தையும் சுத்திப் பாத்துக்கினு இருக்கேன்” என்று சொல்லிவைத்திருந்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்தால், பாவம் என்று நினைப்பான். யாரும் தன்னைப் பாவம் என்று நினைப்பது காசிநாதனுக்குப் பிடிக்காது. ஆகையால் பக்கி.

பையில் இருந்ததெல்லாம் ஊட்டிக்குத்தான். முகத்தை மறைக்க வேறு வழியில்லாமல், வெயில் மண்டையைப் பிளக்கிற மே மாதத்தில் மங்கி குல்லாயை மாட்டினார். குல்லா மட்டும் போட்டால் சந்தேகம் வரும் என்று ஸ்வெட்டரையும் மாட்டினார்.

“குட் மார்னிங் அங்கிள்! நான் ராம்ப்ரஸாத், உங்க கைடு” என்று ஒரு இளைஞன் கைகொடுத்தான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில். “என்ன அங்கிள், இந்த வெயில்ல ஸ்வெட்டர்?”

“குளிர் ஜுரம்.”

“எந்த ஊரு அங்கிள்?”

“திருச்சி.”

இரண்டு பொய்யும் சுலபமாக வந்ததில் காசிநாதனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பின்சீட்டில் ஏறி ஓரமாகப் பதுங்கிக்கொள்ளலாம் என்று காலைத் தூக்கினார்.

“நோ நோ! ஜுரத்தோட பின்னாடி உக்காரக் கூடாது, தூக்கித் தூக்கிப் போடும். நீங்க முன்னாடி வாங்க.” ராம்ப்ரஸாத் அவரைக் கையைப் பிடித்து இழுத்து, டிரைவருக்குப் பக்கத்தில், சாமி ஊர்வலத்தில் உற்சவரை வைப்பதுபோல் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்து, பெல்ட்டால் கட்டினான்.

பின்சீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். காசிநாதன் திரும்பிப் பார்த்தார்.

ஒருவர் அறுபது, அறுபத்தைந்து வயசு ஆள். கொள்ளைக்காரன் மாதிரி துண்டால் முகத்தைச் சுற்றியிருந்தார். கண் மட்டும்தான் தெரிந்தது. துண்டு கொஞ்சம் விலகியபோது நெற்றியில் வெளுத்துப்போன ஒரு தடம் பாதி தெரிந்தது. உடனே துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பக்கத்தில் ஒரு அம்மாள். புடவைத் தலைப்பை முக்காடு போட்டு, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தாள்.

“இவரு மிஸ்டர் சக்ரவர்த்தி, டெல்லி. இவங்க அம்ருதவல்லி மேடம், பம்பாய்” என்றான் ராம்ப்ரஸாத். “ரெண்டு பேருக்கும் டஸ்ட் அலர்ஜி.”

அலர்ஜியாம். நெற்றியில் இருக்கிற தழும்பு கத்திக்குத்து என்று காசிநாதன் முடிவு கட்டினார். யோக்கியனுக்கு எதற்கு முகமூடி? தானும் முகமூடியோடுதான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

டிரைவர் முனிரத்தினம் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். முன்னால் இருந்தவரை ஒருமுறை பார்த்தான், பின்னால் இருந்த இருவரையும் ஒருமுறை பார்த்தான். ஒன்றும் பேசாமல் வண்டியைக் கிளப்பினான்.

வண்டி மணலில் இறங்கியதும் காசிநாதனின் குடல் இடம் மாறியது. ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவதற்குள் அடுத்த பள்ளம். பின்னால் குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ராம்ப்ரஸாத் கத்தினான்: “இதெல்லாம் நேச்சுரல் சார்! ஆயிரம் வருஷமா காத்து அடிச்சு அடிச்சு உண்டான பள்ளம்!”

அதெல்லாம் ராத்திரி லாரி வந்து மணல் அள்ளிய பள்ளம். எந்தப் பள்ளம் யார் லாரி அள்ளியது என்பது வரைக்கும் காசிநாதனுக்குத் தெரியும். திருச்சிக்காரருக்கு எப்படித் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டார். பின்சீட்டிலும் யாரோ பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

“அதோ தூரத்துல தெரியுது பாருங்க கோபுரம், அது வரதராஜப் பெருமாள் கோயில். அங்க குளத்துக்குள்ள அத்தி வரதர் இருக்காரு. இருவது வருஷத்துக்கு ஒரு தடவ வெளிய எடுப்பாங்க.”

“நாப்பது!” என்றார் காசிநாதன்.

“நாப்பது!” என்றார் டெல்லிக்காரர்.

“நாப்பது!” என்றாள் பம்பாய் அம்மாள்.

மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்தார்கள்.

“சூப்பர் சார்! டெல்லியிலகூட இதெல்லாம் தெரியுதா?” என்றான் ராம்ப்ரஸாத்.

“பேப்பர்ல போட்டிருந்தான்” என்று துண்டுக்குள்ளிருந்து முனகினார் சக்ரவர்த்தி.

ஊர் விவரத்தை எல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் திருட்டுப் பசங்கள் என்று நினைத்துக்கொண்டார் காசிநாதன்.

அதற்குள் குல்லாவுக்குள் கஞ்சி வடித்தாகிவிட்டது. வியர்வை கழுத்து வழியாக ஸ்வெட்டரில் இறங்கி, ஸ்வெட்டர் நனைந்த ஆட்டுக்குட்டிபோல் கனத்தது.

“அங்கிள்! என்ன இப்பிடி வேர்க்குது?”

“ஜுரம் விடுது. ஜுரம் விட்டா வேர்க்கும்.” நல்ல பதில் சொன்னோம் என்று அவருக்கே ஒரு திருப்தி.

“விட்டுடுச்சா? அப்ப குல்லாவக் கழட்டுங்க, காத்து படட்டும்!” ராம்ப்ரஸாத் பின்னாலிருந்து எட்டிக் குல்லாயின் உச்சிக் குஞ்சத்தைப் பிடித்து இழுத்தான்.

காசிநாதன் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் குல்லாயைப் பிடித்துக்கொண்டார். அதே நேரத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் பாய்ந்தது. பெல்ட்டு அறுந்தது. காசிநாதன் டிரைவரின் மடியில் விழுந்து, ஹாரனில் தலை முட்டி, அந்த ஹாரன் நிற்காமல் அலறியது.

“அண்ணே நிறுத்துங்க! அங்கிளுக்கு மயக்கம்! பாலத்துக்கு அந்தப் பக்கம் கிளினிக் இருக்குது, அங்க விடுங்க!”

காசிநாதனுக்கு அப்போதுதான் நிஜமாக மயக்கம் வந்தது. அந்தக் கிளினிக்கில் மாசாமாசம் சர்க்கரை பார்க்கிறவர் அவர். ஊசி புதுசா பழசா என்று அவர் போட்ட சண்டையில், அவர் குரல் கேட்டாலே நர்ஸ் உள்ளே ஓடிவிடுவாள்.

“ஆஸ்பத்திரி வாணாம்பா! ஒரு சோடா குட்சா சரியாப்பூடும்!”

“திருச்சியில ‘வாணாம்’னா சொல்வாங்க அங்கிள்?”

“ஜுரத்துல வாய் குழறுது.”

“ஓகே, சோடா. முனிரத்தினம் அண்ணே, சோடா எங்க கிடைக்கும்?”

முனிரத்தினம் தாடையால் வடக்கே காட்டிவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி கரையேறி, பாலமேறி, செவிலிமேட்டுக்குள் நுழைந்தது. காசிநாதனுக்குத் தெரியும், அந்தப் பக்கத்தில் சோடா என்றால் பஞ்சாட்சரம் கடைதான். தன் வீட்டுக்கு நேர் எதிரே.

மஞ்சள் வண்டி தெருவுக்குள் வந்ததும் நாய்கள் குரைத்தன. தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்று, ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். வண்டி போய்க் கடைவாசலில் நின்றது. காசிநாதன் இடது பக்கம் திரும்பவே இல்லை. இடது பக்கத்தில் அவர் வீடு. பச்சைக் கதவு, பித்தளைப் பூட்டு.

“வாங்கபா, வாங்க! எந்த ஊரு?” என்று பஞ்சாட்சரம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“இவரு திருச்சி அண்ணே. ஜுரம். சோடா குடுங்க” என்றான் ராம்ப்ரஸாத்.

“பன்னீர் சோடாவா, இஞ்சி சோடாவா பெரியவரே?”

வாயைத் திறந்தால் தொலைந்தது. பஞ்சாட்சரத்தோடு தினம் காலையில் பேப்பரை வைத்துக்கொண்டு சண்டை போடுகிற குரல் இது. காசிநாதன் ஒரு விரலைக் காட்டினார்.

“ஒண்ணா? எதுல ஒண்ணு?”

இரண்டு விரலைக் காட்டினார்.

“ரெண்டா?”

காசிநாதன் வானத்தைக் காட்டினார். பஞ்சாட்சரமும் வானத்தைப் பார்த்தான்.

“அங்கிள், இப்பத்தான பேசினீங்க!” என்று ராம்ப்ரஸாத் பதறினான். “அண்ணே, இவருக்குப் பேச்சு போயிடுச்சு!”

“மொதல்ல சோடாவக் குடுப்போம் இரு” என்று பஞ்சாட்சரம் கோலியைத் தட்டிப் பாட்டிலை நீட்டினான். காசிநாதன் வாங்கினார். வாங்கிய கை அவரைக் கேட்காமலே பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் தூசி இருக்கிறதா என்று பார்த்தது. பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது.

பஞ்சாட்சரம் சிரித்துவிட்டான்.

“அச்சா எங்க எதிர்வூட்டுக்காரு மாதிரியே பாக்குறீங்களே! இதோ, இந்தப் பச்சக் கதவு வூடுதான். காசிநாதன்னு பேரு. சந்தேகம்னா சந்தேகம், அப்பிடி ஒரு சந்தேகம். இருவது வருசமா என் சோடாவ இப்பிடித் தூக்கிப் பாத்துட்டுதான் குடிப்பாரு. ஒரு நாளுகூட ஒரு தூசியும் கண்டுபுடிச்சதில்ல. அந்தக் கோவம் வேற அவருக்கு.”

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். காசிநாதன் குல்லாவின் வாய்ப்பக்கத்தைக் கொஞ்சமாகத் தூக்கிச் சோடாவைக் குடித்தார்.

“இப்ப ஆளு ஊட்டியில இருக்காரு” என்று பஞ்சாட்சரம் தொடர்ந்தான். “மகன் கூட்டிக்கினு போயிருக்கான். போய் நாலு நாள் ஆவுது, தெருவே வெறிச்சுனு இருக்குது. காத்தால பேப்பர் வந்தா யாரோட சண்ட போடறதுன்னு தெரியல. ஊட்டில குளிரு எப்பிடின்னு ஒரு போன் போடுவாருன்னு பாத்தேன். போடல. மகன், மருமவ, பேரப்புள்ளன்னு இருக்க சொல்லோ நம்ம நெனப்பு எங்க வரும்?”

காசிநாதனின் கை தானாகக் குல்லாயின் ஓரத்துக்குப் போனது. கழற்றிவிடலாம். “டேய், நான்தான்டா” என்று சொல்லிவிடலாம். தெரு சிரிக்கும். சிரிக்கட்டும். அப்புறம் வீட்டைத் திறந்து, ஃபேனைப் போட்டு, தன் கட்டிலில் படுக்கலாம்.

“குடுத்து வெச்ச மனுசன்” என்றான் பஞ்சாட்சரம். இப்போது அவன் சிரிக்கவில்லை. “என் மகன் மெட்ராஸ்லதான் இருக்கான். ரெண்டு மணி நேரம். ரெண்டு வருசமா வரேன் வரேன்றான். இந்தத் தெருவுல எந்தப் புள்ளப்பா அப்பன ஞாபகம் வெச்சிக்கினு கூட்டிப் போறான்? ஒருத்தருக்காச்சும் அப்பிடி ஒரு புள்ள வாய்ச்சிதேன்னு எங்க எல்லாருக்குமே ஒரு சந்தோசம்தான்.”

காசிநாதன் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். குல்லாயைக் கழற்றினால் போகப்போவது தன் மானம் மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“வூடு பூட்டித்தான் கெடக்குது. ஞாயித்துக்கெழம வரைக்கும் ஆள் கெடையாது” என்று பஞ்சாட்சரம், முன்பின் தெரியாத ஆட்களிடம் சொல்லக்கூடாத விஷயத்தைச் சொல்லி முடித்தான்.

பின்சீட்டில் அசைவு தெரிந்தது. காசிநாதன் ஓரக்கண்ணால் பார்த்தார். துண்டு கட்டியவரும் கறுப்புக் கண்ணாடி அம்மாளும் ஒரே நேரத்தில் திரும்பி, பச்சைக் கதவையும் பித்தளைப் பூட்டையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் பெருமூச்சுகூட விட்டாள்.

“பெரியவரு கண்ணு ஒரு மாதிரி செருகுது. குல்லாவக் கழட்டி மூஞ்சில தண்ணி அடிங்கபா!” என்று யாரோ கூட்டத்தில் கத்தினார்கள். பஞ்சாட்சரம் ஒரு பக்கம், ராம்ப்ரஸாத் ஒரு பக்கம் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

காசிநாதன் பாட்டிலை ராம்ப்ரஸாத்தின் கையில் திணித்துவிட்டு, முனிரத்தினத்தின் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். முனிரத்தினம் அதற்காகவே காத்திருந்தவன்போல் வண்டியைச் சீறவிட்டான். ராம்ப்ரஸாத் சோடா பாட்டிலோடு தெருமுனை வரைக்கும் ஓடிவந்து தொற்றிக்கொண்டான்.

சாயங்காலம் காசிநாதனுக்கு அறையில் இருப்புக் கொள்ளவில்லை. பெண்டாட்டியின் தாலிச்சரடு பீரோவில் இருக்கிறது. அவளுடைய ஒரே பட்டுப்புடவை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஆள் இல்லை என்று திருடனுக்கு அழைப்பு வைத்தாகிவிட்டது. குல்லாயை மாட்டிக்கொண்டு, முதல் முறையாக அவராகவே கதவைத் திறந்து வெளியே வந்தார். வராந்தாத் தூணுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாற்காலியில் அந்த இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காசிநாதன் தூணோடு ஒட்டிக்கொண்டார்.

“நாளைக்கு வண்டியைச் சின்னக் காஞ்சிபுரம் பக்கம் விடச் சொல்லலாமா?” இது டெல்லி. பேச்சில் டெல்லி வாடையே இல்லை. “வீடு பூட்டியிருக்கு. உள்ளே வெள்ளிப் பாத்திரமெல்லாம் அப்படியே இருக்கு. கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் வேற லூஸு.”

“அக்கம்பக்கத்துல பாத்துடுவாளே?” இது பம்பாய்.

“மூஞ்சியைத்தான் மூடிண்டிருக்கோமே. இன்னிக்கு யாராவது கண்டுபிடிச்சாளா? ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடுவோம். அப்புறம் ஐயம்பேட்டை.”

காசிநாதன் அதற்கு மேல் கேட்கவில்லை. பூனைபோல் பின்வாங்கினார், பின்பக்கமாக ஓடினார். அங்கே முனிரத்தினம் பக்கியைக் கழுவிக்கொண்டிருந்தான். டயரிலிருந்து பாலாற்று மணல் கரைந்து ஓடியது.

போலீசுக்குச் சொன்னால் பேர் கேட்பான், ஊர் கேட்பான். கேட்கட்டும். மானமா, வீடா என்று வந்தாகிவிட்டது. காசிநாதன் மங்கி குல்லாயைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். குல்லாவுக்குள் புழுங்கிய தலை சில்லென்று இருந்தது.

“ஏம்பா, ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேளு. நான் திருச்சி இல்ல. செவிலிமேடு. சோடா குடிச்சமே, அதுக்கு எதிர்வூடு என் வூடு. மகன் ஊட்டிக்குக் கூட்டிப் போறேன்னு சொன்னான். வரல. தெருவுல சொல்ல வெக்கமா இருந்துச்சி, இங்க வந்து ஒளிஞ்சிக்கினு கெடக்கறேன். போவட்டும். இப்ப அது இல்ல விசயம். அந்த டெல்லிக்காரனும் பம்பாய்க்காரியும் திருட்டுக் கூட்டம்பா! பூட்டின வூடா நோட்டம் பாக்குறாங்க. என் வூட்டப் பாத்துட்டாங்க, நாளைக்கு சின்னக் காஞ்சிபுரம், அப்பறம் ஐயம்பேட்டையாம். என் காதாலயே கேட்டேன். ஓடிப்போய் போலீசக் கூப்புடு!”

அழுகிற மாதிரி ஆகிவிட்டது குரல். அதை மறைக்க ஒருமுறை இருமினார்.

முனிரத்தினம் வெற்றிலையைத் துப்பினான். தண்ணீர்க் குழாயை மூடினான். கீழே கிடந்த குல்லாயை எடுத்து மணலைத் தட்டி அவர் கையில் கொடுத்தான். காலையிலிருந்து அவன் வாயைத் திறந்தது அப்போதுதான்.

“பதறாதீங்க பெரியவரே, அவரு சிங்கப்பூருக்குப் போனவரு, வூடு சின்னக் காஞ்சிபுரம், அந்தம்மா அமெரிக்காவுக்குப் போனவங்க, வூடு ஐயம்பேட்டை, ஊட்டிக்குப் போனவங்க மட்டும் கீழ் வரிசையில உங்களோட சேத்து ஏழு ரூமு, நெசமான வெளியூர்க்காரன்னு இந்த ரிசார்ட்டுல இருக்கறது அந்த கைடு தம்பி ஒருத்தன்தான்.”